ரயில் இல்லாத ஊர்

"கப்பல் கப்பலா வந்து எறங்குறாய்ங்க, அகிலா. இப்படியே போனா நம்மதான் இங்க விருந்தாளி" என்று கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார் பன்னீர்செல்வம் சித்தப்பா.

அந்தமான் தீவில், ரங்கத் பஜாரில் மெஸ் நடத்துகிறவர். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் கிடந்த பழைய தகரப் பெட்டிமேல் அகிலா உட்கார்ந்தாள். கப்பலில் மாறிப் போகாமலிருக்க எல்லோரும் செய்வதைப்போல, அந்தக் காலத்தில் பெயரும் ஊரும் பெயிண்டில் எழுதி அவர் கொண்டுவந்த பெட்டி. இப்போது அதில் வெங்காயம்.

"நீங்க எப்படி வந்தீங்களாம்? நீந்தியா?"

"அது வேற. நான் அப்பவே வந்தவன், லோக்கல். இவிங்க பாகர்வாலா, வெளியாளு. நம்ம குடும்பத்துல நீதானே டிகிரி படிச்சவ? இந்தப் பதிவு நம்புற மாதிரி இருக்கா, அத மட்டும் சொல்லு."

அகிலாவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். இந்த விஷயத்தில் அது மூக்கைத் தாண்டியிருந்தது. பொங்கலுக்குப் பிறகு மெயின்லேண்டிலிருந்து வந்த ரூபா, பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டிருந்தாள். வண்டிக்கடைதான், ஆனால் கூட்டம் அள்ளியது. 'தீவின் குரல்' என்று எவனோ ஒருவன் பதிவுபோட ஆரம்பித்த நாளிலிருந்து பாதிப் பேர் வருவதில்லை. நாளைக் காலை வியாபாரிகள் சங்கம் கூடி, வண்டி நிற்கலாமா கூடாதா என்று முடிவு சொல்லப்போகிறது. கூடாதென்றால் ரூபா மறுபடி கப்பலேற வேண்டியதுதான்.

அவள் பதிவைச் சத்தமாகப் படித்தாள். "'அவர்கள் வந்துவிட்டார்கள். நம் தண்ணீரைக் குடிக்கிறார்கள். இட்லி விற்பதுபோல் நடிக்கிறார்கள். அழிக்கப்படும் முன் பகிருங்கள்.' இதை எழுதுனவனுக்கு வெட்கமே இல்லையா, சித்தப்பா?"

"ஏன், நல்லாத்தானே..."

"அவர்கள்னா யாரு? பேரைச் சொல்லலை. சொன்னா நமக்கு ஆள் முகம் ஞாபகம் வந்துரும், பாவம்னு தோணிரும். தண்ணி குடிக்கிறது ஒரு குத்தமா? பெட்ரோலா குடிப்பாங்க? அப்புறம், இட்லி விக்கிற மாதிரி நடிக்கிறாங்களாம். நான் தின்னேன், நிஜ இட்லிதான்."

"நல்லா இருந்துச்சா?"

"பஞ்சு."

சித்தப்பா ஈரத் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாயிருந்த மேசையை அழுத்தித் துடைத்தார்.

'அழிக்கப்படும் முன் பகிருங்கள்' என்பது யோசிக்கவிடாமல் விரட்டும் வேலை என்று விளக்கினாள். ஆதாரம் இல்லாதவன்தான் அவசரப்படுத்துவான் என்றாள். அவர் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"போட்டோவைப் பாருங்க. 'நம் கப்பல்துறை ஜெட்டியில் குவியும் கூட்டம்'னு போட்டிருக்கான். பின்னாடி நிக்கிறது என்ன?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "நீளமா ஒரு பஸ்ஸு."

"ரயிலு. அந்தமான்ல ஏது சித்தப்பா ரயிலு?"

அவருக்கு வியர்த்தது. கடைசியாக எப்போது ரயிலைப் பார்த்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை போலும். "அப்ப எந்த மாதிரிப் போட்டோ போட்டிருந்தா சனம் நம்பும்?"

"நிஜமாவே ஒருத்தன் கப்பல்லேருந்து மூட்டை முடிச்சோட இறங்குற மாதிரி. இவனுக்கு அது எங்க கிடைக்கும்? போலிப் பய."

சித்தப்பா எழுந்து போய், கெட்டிப் பால் ஊற்றித் தன் கையாலேயே காபி போட்டுவந்து கொடுத்தார். படிச்ச புள்ள படிச்ச புள்ளதான் என்றார். ஒரு மனிதரைத் திருத்திவிட்டோம், வாங்கிய டிகிரி முதல்முறையாக வீட்டுக்குப் பயன்பட்டிருக்கிறது என்ற நிறைவோடு அகிலா வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். சங்கத்தார் மொத்தமும் ரூபாவின் வண்டி முன்னால் நின்று, குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலருடைய தோள் குலுங்கியது. சித்தப்பாவைக் காணோம். மெஸ்ஸும் திறக்கவில்லை.

அவள் வாயைத் திறக்கும் முன்பே தலைவர் அன்பழகன், "வண்டி இங்கயே நிக்கட்டும்மா. எனக்கு நாலு இட்லி" என்று ரூபாவிடம் சொல்லிவிட்டு, தன் கைபேசியை அகிலாவிடம் கொடுத்தார்.

'தீவின் குரல்' புதுப் பதிவு போட்டிருந்தது. தண்ணீர் இல்லை, அவசரம் இல்லை, ரயில் இல்லை. 'கப்பலில் வந்திறங்கும் பாகர்வாலா. இவனை நம்பலாமா?' என்று ஒரே வரி. கீழே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். கைலியை மடித்துக் கட்டிய ஒல்லிப் பையன் ஒருவன், தலையில் தகரப் பெட்டியோடு கப்பல் படியில் இறங்குகிறான்.

முகத்தைக் கறுப்பு வட்டம் போட்டு வெகு கவனமாக மறைத்திருந்தவர், பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த 'ப. பன்னீர்செல்வம், பரமக்குடி'யை மறைக்க மறந்துவிட்டிருந்தார்.