வில்லனின் தாடி

போலிச் சாமியாரைப் பற்றிய தொடரின் முதல் சீசன் வந்ததுமே, ஊரிலிருந்த ஓர் ஆசிரமத்து ஆட்கள் கதாசிரியர் வீட்டு ஜன்னலை உடைத்தார்கள். இரண்டாவது சீசனை எழுதத் தொடங்கியபோது அந்த ஆசிரமத்துக் குருவே கூப்பிட்டு அனுப்பினார்.

"என் தாடி, என் நடை, என் சிரிப்பு. அந்த வில்லன் நான்தானே?"

கதாசிரியர் குனிந்த தலை நிமிராமல், "மன்னிச்சிடுங்க சாமி. இந்த சீசன்ல அவன் தாடியை எடுத்துடறேன்" என்றார்.

"கெடுத்தீங்க காரியத்தை!" குரு பதறி எழுந்தார். "அது தொப்புள் வரைக்கும் தொங்கணும். இன்னும் நாலு குடும்பத்தை அவன் ஏமாத்தணும்!"

கதாசிரியர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். குருவின் முகம் தாடியே இல்லாமல் மழுமழுவென்று வழிக்கப்பட்டிருந்தது.

"உங்க தொடரைப் பார்த்த ஜனங்க, தாடி வெச்சவனெல்லாம் திருடன்னு என்கிட்டதான் ஓடி வர்றாங்க."