கண்ணில் படாத ஜீப்

"எங்க சார் இருக்கு உங்க ஜீப்? இவ்வளவு நேரமா வெயில்ல நிக்கிறேன், ஒரு சக்கரம்கூடக் கண்ணுல படலையே!"

நிதி அதிகாரி பைனாகுலரை இறக்கிவிட்டு முறைத்தார். எதிரே ராணுவத்தின் சோதனைத் திடல், புதரும் புழுதியுமாக விரிந்து கிடந்தது.

"படக்கூடாது மேடம். அதுக்குத்தானே இந்தப் பெயிண்டே!" என்றார் விஞ்ஞானி. இதை எத்தனையாவது தடவை சொல்கிறோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

எதிரியின் கண்ணில் படாமல் ராணுவ வண்டிகளை மறைக்கும் பெயிண்ட் அது. பல வருட உழைப்பு. இன்று இந்த அம்மாள் கையெழுத்துப் போடாவிட்டால் அரசாங்கப் பணம் நின்றுவிடும். ஆய்வகத்தை இழுத்து மூடிவிடுவார்கள். காலையில் அவர் மனைவி டிபன் பாக்ஸைக் கையில் திணித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கும் ஒண்ணும் நடக்கலைன்னா பேசாம எங்க அண்ணன் பெயிண்ட் கடையில போய் உக்காருங்க. அங்கயாவது பூசினது பளிச்சுன்னு தெரியும்."

மச்சானின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்து நினைத்தே விஞ்ஞானி அந்த டிபன் பாக்ஸை இன்னும் திறக்கவில்லை.

"பாருங்க சார், நான் கணக்குப் பாக்குறவ" என்றார் அதிகாரி. "கண்ணால பாக்காத பொருளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்குத் தணிக்கையில கேட்டா, 'இருந்துச்சு, ஆனா தெரியல'ன்னா சொல்ல முடியும்?"

"நீங்க பாத்துட்டா, பெயிண்ட் தோத்துப்போச்சுன்னு பணத்தை நிறுத்துவீங்க. பாக்கலைன்னா, வண்டியே இல்லைன்னு நிறுத்துவீங்க. நான் என்னதான் மேடம் பண்றது?"

"அது உங்க கவலை. எனக்கு ஜீப்பைக் காட்டுங்க."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது விஞ்ஞானிக்கு. அந்தத் திடலில் அதற்கு ஒரு சுவர்கூட இல்லை.

"சரி மேடம், நீங்க இங்கயே நில்லுங்க. நானே போய் அது மேல கையை வச்சுக் காட்டுறேன். அதோ, அந்த மரங்களுக்கு நடுவுலதான் நிறுத்தச் சொல்லியிருக்கேன்."

விடுவிடுவென்று நடந்தார். மரங்களுக்கு நடுவில் போய்ப் பார்த்தார். ஜீப்பைக் காணோம். பக்கத்துப் புதரை விலக்கினார். ஒரு முயல்தான் அடித்துப் பிடித்து ஓடியது. அடுத்த புதர், அதற்கடுத்த மேடு என்று தேடத் தேட அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த டிரைவர் எங்கே கொண்டுபோய் நிறுத்தித் தொலைத்தான்? முள் மாட்டி பேண்ட் கிழிந்ததுதான் மிச்சம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபடி திரும்பி வந்தார்.

"இங்கதான் மேடம்... எங்கயோ..." அவர் கை நாலு திசையையும் காட்டியது.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"என்ன சார், பெத்தவருக்கே பிள்ளையை அடையாளம் தெரியலையா? பூசின உங்களுக்கே கிடைக்கலைன்னா எதிரிக்கு எங்க கிடைக்கப்போகுது! இத்தனை நாளா நீங்க கதை விடுறீங்கன்னு நினைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கார் பானெட்மேல் ஃபைலை வைத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார். கேட்ட தொகை முழுவதும் தருவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆய்வகம் பிழைத்தது, மச்சான் கடை ஸ்டூலிலிருந்து விஞ்ஞானியும் தப்பினார். அப்போது திடலின் வாசல் பக்கமிருந்து டிரைவர் மூச்சிரைக்க ஓடி வந்தான். விஞ்ஞானி அவனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அசத்திட்டப்பா! அப்படி எங்கதான் ஒளிச்சு வச்ச?"

டிரைவர் திருதிருவென்று விழித்தான்.

"எங்க சார் ஒளிக்கிறது? இதைச் சொல்லத்தான் காலையிலேர்ந்து வாசல்ல நிக்கிறேன், உள்ளே பெரிய அதிகாரி இருக்காங்கன்னு காவலுக்கு நிக்கிறவர் விடவே இல்ல. ஜீப் ஷெட்லதான் சார் நிக்குது. புது பேட்டரி வாங்க அந்த மேடம் ஆபீஸ்லேர்ந்து இன்னும் பணம் வரலையே!"