முதல் பந்தி

அம்மாவுக்கு இந்தச் சபையும் பிடிக்கவில்லை.

குற்றாலத்தில் சீசன். அருவியில் குளிக்க வந்த என்னை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் ஏற்றி, ஆராதனை தேடி அலைக்கழித்துக்கொண்டிருந்தாள்.

இலஞ்சி விலக்கில் டிரம்ஸ் அதிர்ந்த ஒரு ஷெட்டிலிருந்து ஓர் அண்ணாச்சி சிரித்த முகத்தோடு ஓடிவந்து எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“இங்கன அவனவன் வாய்க்கு வந்தத ஜெபம் பண்ணுவான். எழுதினத எழுதினபடி சொல்லுத லுத்தரன் கோயில்தான் எனக்கு வேணும்” என்று அம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

தென்காசியில் அது கிடைத்தது. ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர். வாசலிலேயே சபை மூப்பர் ஒருவர் மறித்தார்.

“திருவிருந்து எடுக்கணும்னா நேத்தே பேர் குடுத்திருக்கணும். யாரு எவருன்னு தெரியாம பந்தியில விட மாட்டோம்.”

“உங்க போதகர் ஐயருக்குத் தெரியும். உள்ள போய்க் கேளும்.”

மணி அடித்துவிட்டது. அவரால் கேட்கப் போக முடியவில்லை.

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் லுத்தரன் ஆலயம் என்றால் பனி, மரப்பெஞ்சு, முகம் கொடுக்காத மனிதர்கள். இங்கே பனி மட்டும்தான் இல்லை. நாங்கள் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எங்களை விட்டு விலகி உட்கார்ந்தார்கள்.

வெள்ளை அங்கியில் போதகர் வந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவர் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு புத்தகத்தில் ஒரு சொல் தவறாமல் வாசித்துக்கொண்டே போனார்.

பாவ அறிக்கையை அம்மா புத்தகம் பார்க்காமல், எல்லாரையும் விடச் சத்தமாக, சண்டைக்கு இழுப்பதுபோலச் சொன்னாள்.

திருவிருந்தின் முதல் பந்திக்கு அழைத்தார்கள். மூப்பர் கையை நீட்டித் தடுத்தார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போய், பீடத்தின் முன் வரிசையில் முழங்காலிட்டாள்.

போதகர் ஒவ்வொருவர் கையிலும் அப்பத்தை வைத்தார். வைக்கும்போதெல்லாம், “உனக்காகக் கொடுக்கப்பட்டது” என்றார்.

அம்மாவின் கையிலும் வைத்தார். எதுவும் சொல்லவில்லை. அடுத்தவரிடம் நகர்ந்தார்.

அம்மா அப்பத்தை வாயில் போடவில்லை. கையை நீட்டியபடியே இருந்தாள்.

திராட்சரசப் பாத்திரத்தோடு அவர் திரும்பி வந்தார். கை அப்படியே நீண்டிருந்தது.

எல்லாரும் எடுத்து முடிக்காமல் பந்தி எழ முடியாது. பக்கத்தில் ஒரு பெரியவர் முழங்கால் வலியில் முனகினார்.

“முழுங்கிட்டு எந்திரி ஏட்டி” என்று யாரோ பல்லைக் கடித்தார்கள்.

“சனியன், எங்கேருந்து வந்துச்சோ” என்றது இன்னொரு குரல்.

அம்மாவின் கை இறங்கவில்லை.

போதகர் ஆலயம் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு குனிந்து, சாபம் விடுகிற குரலில், “உனக்காகக் கொடுக்கப்பட்டது” என்றார்.

அம்மா அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

“சமாதானத்தோடே போங்கள்” என்று அவர் பந்தியை எழுப்பியபோது, அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள்.

வெளியே சாரல் விழுந்தது. அவள் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள்.

“யாரும்மா அவரு?”

“ஒன் தாய்மாமன். நான் ஒங்கப்பாவக் கெட்டுன அன்னைக்கு, சாவுத வரைக்கும் இவகிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன்னு வேதப்புத்தகத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனான்.”

உள்ளே இரண்டாம் பந்தி தொடங்கியிருந்தது. உனக்காக, உனக்காக என்று அவர் குரல் ஒவ்வொருவராய்க் கடந்து போவது கேட்டது.

அம்மா உள்ளங்கையைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

“பேசிட்டாம்லா.”