மூடிய வால்வு

"போதும், வால்வை மூடுங்க!" என்றாள் பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்க வந்திருந்த பொறியாளர் கோலெட்.

ரெய்னோ பம்பை நிறுத்தி வால்வைத் திருகினான். கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கத்தின் அடி ஆழத்தில், பாறையில் போட்ட துளைக்குள் அவன் அழுத்தி ஏற்றிய தண்ணீர் இப்போதுதான் பாறையை விரிசல் விட வைத்திருந்தது. திரையில் அழுத்தக் கோடு சரசரவென்று இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

"இதுதான் கணக்கு. பம்பு ஓடுற வரைக்கும் நம்ம பலம்தான் தெரியும். நிறுத்தினாத்தான் பாறை தன் பாரத்தைச் சொல்லும்."

இரண்டு வருடமாக ஒவ்வொரு துளையிலும் அவள் சொல்கிற வசனம்தான். ரெய்னோவுக்கு அது வேதவாக்கு.

அவள் கருவிகளைப் பெட்டியில் அடுக்கப் போனதும், துளை போடும் மார்செல் அவன் விலாவில் இடித்தான்.

"டேய், இதுதான் கடைசித் துளை. நாளைக்கு அவ கியூபெக் போயிடுவா. உன் கல்யாண விஷயத்துக்கு என்னதான் சொன்னா?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"ரெண்டு வருஷமாவா? கல்லுகூட இதுக்குள்ள பேசியிருக்கும். நெருக்கிப் பிடிக்க வேண்டியதுதானே?"

"நெருக்கக் கூடாதுடா. வால்வை மூடிட்டுப் பேசாம இருக்கணும். அவ மனசுல என்ன நிக்குதுன்னு தானா தெரியும்."

"நல்லா மூடின, போ! எவனாவது கொத்திக்கிட்டுப் போகட்டும், அப்பத் தெரியும்."

மார்செல் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, மேலே புறப்பட்ட கூண்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டான்.

அடுத்த கூண்டில் ரெய்னோவும் கோலெட்டும் மட்டும். கம்பிக் கதவு சாத்திக்கொண்டது. தினமும் மேப்பிள் பாகு விட்டு அவளுக்குக் காபி கலந்து கொடுத்த கை, இப்போது கம்பியை இறுகப் பிடித்திருந்தது. அவளை விட்டால் தனக்கு வாழ்க்கையே இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"கோலெட், உங்க பதிலை இன்னிக்காவது சொல்லிடுங்க. இல்லைன்னாலும் பரவாயில்ல, தாங்கிக்குவேன்."

அவள் தலைவிளக்கின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. "எதுக்குப் பதில்?"

"அதான்... நம்ம கல்யாணத்துக்கு. உங்களை நெருக்கக் கூடாதுன்னுதான் வால்வை மூடிட்டுக் காத்துக்கிட்டிருக்கேன்."

கோலெட் கூண்டே அதிரும்படி சிரித்தாள்.

"அட மக்கு! மூடறதுக்கு முன்னால பம்பைப் போடணும். இந்த ரெண்டு வருஷத்துல நீ என்னை ஒரு தடவைகூடக் கேட்கவே இல்லையே! சீக்கிரம் கேளு, கூண்டு மேல போய்ச் சேரப் போகுது."