அண்ணே, மறைக்குது

காட்டுக் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று இருந்தது. உயரத்துக்குக் குறைவில்லை. ஆனால் யார் தோளால் இடித்தாலும் நகர்ந்துவிடும்.

"கூடைக்கு அடியில நிக்கிறவன் மலை மாதிரி நிக்கணும்டா!" என்றார் கோச் எருமை. சீசன் முழுக்க அதை இரும்பு தூக்க வைத்தார். தினமும் தானே முட்டித் தள்ளிப் பார்த்தார். கடைசியில் எருமைக்குத்தான் மூச்சு வாங்கியது. ஒட்டகச்சிவிங்கிக்கு வேர்க்கக்கூட இல்லை.

இறுதிப் போட்டியில் காட்டுக் கல்லூரிக்கு ஒரே புள்ளிதான் முன்னிலை. கடைசி நொடியில் எதிரணி வெள்ளாடு பந்தோடு வந்து முட்டியது. ஒட்டகச்சிவிங்கி அசையவில்லை. வெள்ளாடு அண்ணாந்து பார்த்து, "அண்ணே, கொஞ்சம் மறைக்குது" என்றது.

"அடடா, சாரி தம்பி!" என்று ஒட்டகச்சிவிங்கி பதறி விலகியது. வகுப்பிலும் சினிமா தியேட்டரிலும் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய வார்த்தை அல்லவா! வெள்ளாடு நிதானமாகப் பந்தைக் கூடையில் போட்டு ஜெயித்தது.

மறுநாள் கோச் இரும்புப் பக்கமே போகவில்லை. ஒட்டகச்சிவிங்கியைக் கூடைக்கு அடியில் நிறுத்தி, அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, மறைக்குது."

ஒட்டகச்சிவிங்கி விலகப் போய், எடுத்த காலைத் திரும்ப அதே இடத்தில் வைத்தது.

"மறைக்குதுப்பா!"

முதல் தடவையாக அதற்கு வேர்த்துக் கொட்டியது.