ப்ளிட்ஸில் ஒரு குறை

சாதிக் பாட்ஷாவுக்கு அம்பலவாணரைக் கண்டாலே எரிச்சல்.

தங்கை கல்யாணத்துக்கு அவன் கேட்ட லீவ், மேனேஜர் ஹார்லனின் மேஜையில் ஒரு மாதமாகக் கிடந்தது. சவுதியில், அதே தம்மாம் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்த அந்த யாழ்ப்பாணத்துக்காரரோ, வியாழக்கிழமை மத்தியானமானால் ஹார்லன் வீட்டுக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்த்துவிட்டு வந்தார்.

"ஐஸ் வைக்கிறதுல மன்னன்" என்று ரூமில் எல்லோரிடமும் சொல்லிவைத்தான் சாதிக்.

அந்த வாரம் அவனும் ஒட்டிக்கொண்டான். "அண்ணே, எனக்கும் அந்த விளையாட்டைக் காட்டுங்களேன்."

அம்பலவாணர் கொஞ்சம் யோசித்தார். "வாரும் தம்பி. ஆனா அங்க லீவுக் கதை எடுக்க வேண்டாம்."

வெளியே மணல்காற்று. ஹார்லன் வீட்டு ஜன்னல்களில் திரை இழுத்துவிட்டிருந்தது. டிவியில் சத்தமே இல்லை. எங்கேயோ ஒரு பச்சை மைதானத்தில் மழை பெய்துகொண்டிருக்க, ஹெல்மெட் போட்ட பையன்கள் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் ஓடினார்கள். பார்க்கப் பார்க்க சாதிக்குக்குக் கண் சொக்கியது.

"பந்தை எறியிறவனைப் பாரும்" என்று அம்பலவாணர் காதோடு சொன்னார். "வழக்கமா நாலு பேர்தான் அவன்மேல பாய்வினம். இப்ப பின்னால காவல் நிக்கிறவங்களும் சேர்ந்து பாயப் போறாங்கள். அதுதான் ப்ளிட்ஸ். இடப்பக்கத்தால முப்பத்தொண்டு வருவான்."

சொன்னபடியே முப்பத்தோராம் நம்பர் பையன் பாய்ந்தான். பந்து வைத்திருந்தவன் சேற்றில் சாய்ந்தான்.

"சூப்பர் டிஃபென்ஸ், சார்" என்றான் சாதிக்.

ஹார்லன் திரும்பவேயில்லை. "அம்பா, நீ சொல்."

அம்பலவாணர் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். "முப்பத்தொன்று பாய்ந்த நேரம் சரி, சார். ஆனால் அவன் விட்டுவந்த இடத்தை மூட ஆளில்லை. மூட வேண்டியவன் ஓர் அடி பிந்திவிட்டான்."

ஹார்லன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். டேப்பைப் பின்னால் ஓட்டினார். பையன் மறுபடி பாய்ந்தான். மறுபடியும்.

"ஆமாம், நான் கவனிக்கவேயில்லை" என்றார், தூக்கத்தில் பேசுபவர்போல. "அடுத்த வாரம் அதைச் சரியாகப் பார்க்கணும்."

வெளியே வந்தபோது லீவ் விஷயமே சாதிக்குக்கு மறந்துபோயிருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே. ஐஸ் வைக்கிறீங்கன்னு நெனச்சேன். நீங்க நேருக்கு நேரா குறைதானே சொல்றீங்க. அது சரி, அவன் பாயறதுக்கு முந்தியே எப்படிச் சொன்னீங்க?"

"தொண்ணூற்று மூண்டில நடந்த இந்த ஒரே மேட்சைத்தானே தம்பி, மூண்டு வருசமாப் பாக்கிறம். முப்பத்தொண்டு அவரின்ர மகன். மேட்ச் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில கார் கவிண்டு பெடியன் செத்துப்போனான்."

சாதிக் நின்றுவிட்டான். "அப்படிப்பட்ட மனுசன்கிட்டயா வாராவாரம் குறை சொல்றீங்க?"

"நல்லா ஆடினாங்கள் எண்டு சொன்னா ஆட்டம் அண்டைக்கே முடிஞ்சிடும் தம்பி. ஒரு குறை மிச்சம் இருந்தாத்தான் அடுத்த கிழமையும் பெடியன் ஓடி வருவான்."