கன்டெய்னர் கடைக்கு ஒரு புகை உறிஞ்சி

விசிறியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். சால்டரிங் புகை முழுவதும் ஒதில்ஜான் அண்ணனின் முகத்தில் போய் அடித்தது.

"இது புகையை விரட்டவா, என்னை விரட்டவா தம்பி?" என்று இருமிக்கொண்டே கேட்டார்.

ஓஷ் நகரச் சந்தையில், போன் ரிப்பேர்க் கடைகள் வரிசையில் எங்கள் கடை. கடை என்றால் ஓர் இரும்பு கன்டெய்னர். அதற்குள் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, டப்பா டப்பாவாகச் செத்த போன்கள். ஜனவரியில் கதவைத் திறந்து வைத்தால் விரல் விறைத்துவிடும். மூடி வைத்தால் சால்டரிங் பேஸ்ட் புகையில் கண் எரியும். அண்ணனுக்கு இருமல் வேறு. அவருக்காகத்தான் இந்தப் புகை உறிஞ்சியைச் செய்கிறேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அதில் பாதி பொய்.

வரிசை முழுக்க என் மூக்கு பிரசித்தம். செத்த போனைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தால் போதும், போர்டில் எந்த மூலை கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மற்ற கடைக்காரர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மண்டையை உடைத்துவிட்டு, கடைசியில் "திலெக், கொஞ்சம் மோந்து பாருடா" என்று என்னிடம்தான் வருவார்கள். அண்ணன் என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டதே இந்த மூக்கை நம்பித்தான்.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் இறங்கியது, வாசனை திரும்பவே இல்லை. ஆட்டுக்கறிச் சோறும் அட்டைப்பெட்டியும் இப்போது எனக்கு ஒன்றுதான்.

ஒருவரிடமும் சொல்லவில்லை.

போர்டை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வேன். "இன்னொரு தடவை பாத்துச் சொல்றேன்" என்று கீழே வைப்பேன். அண்ணன் டீ வாங்கப் போகும் நேரம் பார்த்து, போர்டில் ஸ்பிரிட் தடவி மின்சாரம் கொடுப்பேன். சூடேறி எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கேதான் பழுது. அவர் திரும்பி வந்ததும், "சார்ஜர் பக்கம் கருகல் வாடை அண்ணே" என்பேன். ஒவ்வொரு தடவையும் வெட்கத்தில் காது சுடும்.

ஒரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. வெளியே தெரிந்தால் ஏமாற்றுக்காரன் என்பார்கள். அதைச் சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். இந்த மேஜையை விட்டு எழுந்திருக்கச் சொன்னால் எங்கே போவேன்? அந்தப் பயத்தில்தான் தூக்கமே கெட்டது.

உறிஞ்சி வந்துவிட்டால் நிம்மதி. புகை போகிற வழியிலேயே வாடையும் போய்விடும். "இனிமே இங்க எதுவும் மணக்காது, மீட்டர்தான்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி அது. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை அறுத்து அதற்கு வாய் வைத்தேன். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய கரித்துண்டுகளை மனைவியின் பழைய காலுறையில் கட்டி நடுவில் திணித்தேன். பின்னால் வாஷிங் மெஷின் குழாய். அதன் மறுமுனை சுவரில் போட்ட ஓட்டை வழியாக வெளியே போகிறது.

விசிறியைத் திருப்பி மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். சரியாக அதே நேரம் ஹைரி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

தினமும் காலையில் வருவார். தகரத் தட்டில் கனல், அதன் மேல் காய்ந்த இசிரிக் செடி. கடை கடையாகப் புகை காட்டுவார். கண்ணேறு கழியும், வியாபாரம் நடக்கும் என்று நம்பிக்கை.

எனக்கு அது சோதனைக்கு வசதியாகப் போயிற்று. "அக்கா, தட்டை இங்க காட்டுங்க" என்றேன். காட்டினார். வெள்ளைப் புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு வளைந்து நேராகக் கேனுக்குள் போனது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில், புகை காட்டுகிறவர்களிடம் எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிட்டேன். "இசிரிக்னா உங்க இசிரிக்தான் அக்கா. என்ன மணம்!"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இசிரிக்கா? அது நேத்தே தீந்துபோச்சே. இது மலையிலேர்ந்து வந்த அர்ச்சா சுள்ளி. வரிசை பூரா மணக்குது, உன் மூக்குக்குத் தெரியலயா?"

அக்கா அடுத்து முப்பது கடைகளுக்குப் போவார். முப்பதிலும் இதைச் சொல்வார்.

"உங்கள ஓட்டுறான் அக்கா" என்றார் ஒதில்ஜான் அண்ணன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர் சுழன்றுகொண்டிருந்தது. "நீங்க கதவத் தொறக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டான், இன்னிக்கு அக்கா அர்ச்சா கொண்டு வர்றாங்கன்னு. பக்கத்துக் கடைப் புகையிலயே கண்டுபுடிச்சுட்டான்."

"அட நாசமாப் போறவனே! நானும் நம்பிட்டேன் பாரு!" அக்கா சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்தார். அடுத்த கடையில் நுழையும்போதே என் மூக்கின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தகரச் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

நான் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணனை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேஜையில் இருந்த ஈயத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் போனின் மூடியைக் கழற்றினார். போர்டை எடுத்துத் தன் மூக்கருகே கொண்டுபோனார்.

"அந்த ஃபேன நிறுத்துடா" என்றார். "ரெண்டு பேர்ல ஒருத்தனாவது மோந்து பாக்க வேணாமா?"